பெரியப்பா சோதனை

பெரியவளும் சின்னவளும் கூடப்பிறந்தவர்கள். ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசைக்கு இரண்டு பக்கமாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, அவருக்கு ரொம்பத் தைரியம். காலையில் பையைக் கீழே வைக்கும்போது தொடங்குகிற வாய்ச்சண்டை, மாலையில் பையைத் தோளில் மாட்டும்போதுதான் ஓயும். நடுவில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சமாதானம். அதுவும் யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சண்டை சொத்துக்காக அல்ல, தாமிரத்துக்காக. ஓர் உலோக அயனியை நடுவில் உட்கார வைத்து, சுற்றிலும் ஒரு மூலக்கூறு வளைத்துப் பிடித்துக்கொண்டால் அதற்கு அணைவுச் சேர்மம் என்று பெயர். அந்த அயனி உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது, யார் யார் எந்தப் பக்கமிருந்து பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது பெரியவளின் வேலை. சேர்மத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரேயில் வைத்து, கணினித் திரையில் அதன் வடிவத்தைக் கொண்டுவந்து விடுவாள். பிடி எவ்வளவு கெட்டி என்று அளப்பது சின்னவளின் வேலை. அதைக் கரைசலில்தான் அளக்க முடியும்; சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, கணக்குப் போட்டு, ஓர் எண்ணைச் சொல்வாள்.

"என்கிட்ட படம் இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு? கலர் தண்ணி," என்பாள் பெரியவள்.

"உன் படத்துல எல்லாரும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என் தண்ணியிலதான் நிஜமா குடும்பம் நடத்துறாங்க," என்பாள் சின்னவள்.

இந்தச் சண்டைக்கு நடுவிலும் இருவரும் சேர்ந்து உருப்படியாக ஒன்று செய்திருந்தார்கள். மாதக்கணக்கில் காய்ச்சி, வடிகட்டி, ஒருவரை ஒருவர் திட்டி, கடைசியில் ஒரு தேக்கரண்டிக்குக்கூட வராத வெள்ளைத் தூள் ஒன்றை எடுத்தார்கள். அது ஒரு புது மூலக்கூறு. தாமிர அயனியை நான்கு பக்கமும் அடைத்து உள்ளே வைத்துக்கொள்ளும் வடிவம். அதனால் 'கூடு' என்று கூப்பிட்டார்கள். தாமிரம் உள்ளே போனதும் கரைசல் ஊதாவும் நீலமும் கலந்த ஓர் அழகான நிறத்துக்கு வந்தது. அந்த நிறத்தில் ஒரு புடவை கிடைக்குமா என்று பெரியவள் பல கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

கூட்டின் பிடி எவ்வளவு கெட்டி என்று பார்க்கச் சின்னவள் செய்தது பெரியப்பா சோதனை. ஈ.டி.டி.ஏ. என்று ஒரு பழைய ரசாயனம் இருக்கிறது. உலோக அயனி எங்கே யாரிடம் இருந்தாலும் போய்க் கையைப் பிடித்து இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். விசேஷ வீட்டுக்குள் நுழைந்ததும் யார் பிள்ளை என்றும் பார்க்காமல் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிற பெரியப்பா எல்லோர் வீட்டிலும் ஒருவர் உண்டல்லவா? ஆய்வகத்தில் ஈ.டி.டி.ஏ.வுக்கு அதுதான் பெயர். புது மூலக்கூறு எதைச் செய்தாலும் பெரியப்பாவோடு ஒரு குப்பியில் போடுவார்கள். தாமிரம் யார் பக்கம் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் பிடியின் பலம் தெரிந்துவிடும். பெரியப்பா ஜெயித்தால் நிறம் வெளுத்து இளநீலமாகும்.

கூட்டோடு பெரியப்பாவை ஏராளமாகச் சேர்த்துக் கலந்தபோது நிறம் வெளுக்கவில்லை. ஓர் இம்மி குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. காலையில் பார்த்தாள், மத்தியானம் பார்த்தாள், சாயங்காலம் பார்த்தாள். அசையவில்லை. மற்ற மூலக்கூறுகளோடு போட்டபோதெல்லாம் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் விஷயம் முடிந்துவிடும். ஆகவே இங்கேயும் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். வந்த எண்ணைப் பார்த்து அவளுக்கே மயக்கம் வராத குறை. இந்த வகைக் கூடுகளில் இவ்வளவு கெட்டியான பிடியை யாருமே சொன்னதில்லை.

இதில் ஒரு விதி உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்து பார்க்க வேண்டும். முதலில் பெரியப்பாவிடம் தாமிரத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு கூட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றால்தான் அந்த எண் உண்மை. சின்னவளுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் மிச்சமிருந்த தூளைப் பெரியவள் படிகத்துக்குக் கேட்டாள். "ஒரே ஒரு தடவைடீ, இது சரியா வந்துட்டா நான் உன்னை எதுவும் கேக்க மாட்டேன்," என்றாள். அக்கா கெஞ்சி அதுவரை பார்த்திராத சின்னவள், தூள் முழுவதையும் கொடுத்துவிட்டாள். படிகம் வந்தது. கண்ணைப் பறிக்கிற படிகம். எண்ணும் படமும் சேர்ந்து கட்டுரையானது.

துறைத்தலைவருக்கு ஆய்வகத்தில் 'ஆஹா' என்று பெயர். எதைக் காட்டினாலும் ஆஹா என்பார், குழாய் ஒழுகுகிறது என்று சொன்னாலும்கூட. அந்த எண்ணைப் பார்த்தபோது மூன்று தரம் ஆஹா என்று சொல்லிவிட்டு, பெரியவளிடம், "நம்ம துறையில காலியா இருக்கிற நிரந்தர வேலைக்கு நீங்கதான்மா. தேர்வுக்குழு முன்னாடி வந்து இந்த எண்ணை மட்டும் சொல்லுங்க, போதும்," என்றார்.

பெரியவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பது மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தவளுக்குத்தான் முழுசாகத் தெரியும். இரட்டைப் பெண்கள் பிறந்தபோது வேலையை விட்டவள் பெரியவள். அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் திரும்பி வந்தாள். தற்காலிக ஒப்பந்தம் என்றார்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் வந்தால் அவள் முகம் சுண்டிப்போகும். இந்த டிசம்பரோடு நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் மேசையைக் காலி செய்துகொண்டு போக வேண்டும்.

குழு கூடுவது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின இரண்டு வாரமும் மின்கம்பி மாற்றுகிறோம் என்று கட்டடத்தையே பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை திறந்ததும் சின்னவள் முதல் ஆளாக வந்தாள். கழுவாமல் விட்டுப்போன குப்பிகளைக் கழுவத்தான் வந்தாள். ஜன்னலோரத் தாங்கியில் வரிசையாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தவள், சோதனை முடிந்த நாளிலிருந்து திரும்பிப் பார்க்காத, கூடும் பெரியப்பாவும் சேர்ந்திருந்த குப்பியைக் கையில் எடுத்தபோது நின்றுவிட்டாள்.

உள்ளே இளநீலம்.

முதலில் குப்பி மாறிவிட்டது என்று நினைத்தாள். மேலே ஒட்டியிருந்தது அவளுடைய கையெழுத்துதான். மூடி திறந்திருக்கும் என்று நினைத்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. கம்பி மாற்றவந்த ஆட்கள் எதையாவது கொட்டியிருப்பார்கள் என்றுகூட நினைத்தாள், பாவம், அவர்கள் இந்த அறைக்குள் வரவே இல்லை. நிறத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. தாமிரம் முக்கால்வாசி பெரியப்பா மடியில் உட்கார்ந்திருந்தது.

என்ன நடந்தது என்பது அவளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அன்றைக்கு நிறம் நின்றுவிடவில்லை. நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக. கூட்டுக்குப் பிடி அப்படி ஒன்றும் பெரிய கெட்டி இல்லை. விடுவதற்குத்தான் அதற்கு நேரமாகிறது. தராசு முள் நிற்கும் முன்பே எடையைச் சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. படித்த படிப்புக்கு இதைவிட வெட்கக்கேடு வேறில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனாலும் மனசு ஒத்துக்கொள்ளுமா? குளிர்பெட்டியில் தாமிரம் ஏற்கெனவே உள்ளே போயிருந்த கூட்டின் கரைசல் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பெரியப்பாவோடு கலந்து வெந்நீர்த் தொட்டியில் இறக்கி வைத்தாள். சூட்டில் எல்லாம் வேகமாக நடக்கும். பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நிறம் மாறாதே, மாறாதே என்று வேண்டிக்கொண்டாள். ஒரு விஞ்ஞானி இப்படி வேண்டிக்கொள்ளக் கூடாதுதான். சாப்பாட்டு நேரத்துக்குள் குப்பி வெளுத்துவிட்டது.

அன்றைக்குப் பெரியவள் விடுப்பு, வீட்டில் பேச்சு ஒத்திகை. சாயங்காலம் சின்னவள் அங்கே போனபோது கச்சேரி களைகட்டியிருந்தது. பெரியவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு குளிர்பெட்டியின் கதவைத் திரையாக்கி விளக்கிக்கொண்டிருந்தாள். லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் பனியனுக்கு மேல் டை கட்டிக்கொண்டு குழுத் தலைவராக உட்கார்ந்திருந்தான். இரட்டையர்கள் இருவரும் அப்பாவின் பழைய கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு குழு உறுப்பினர்கள்.

"ஒரு கேள்வி," என்றான் குழுத் தலைவர். "இந்த காப்பர் உள்ளயே உக்காந்திருக்கிறதால யாருக்கு என்ன லாபம்?"

"நீங்க லிப்ட்ல ஆளை உள்ள வச்சுப் பூட்டுறீங்களே, அதால யாருக்கு என்ன லாபம்?"

"நான் பூட்டுறது இல்லம்மா, திறந்து விடுறதுக்குத்தான் சம்பளம்."

இரட்டையர்களில் மூத்தது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சித்தி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பஸ்ல கூட்டம்," என்று மென்று விழுங்கினாள் சின்னவள். பெரியவள் தங்கையின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "துணி காஞ்சிருக்கும், வா எடுக்கலாம்," என்று பால்கனிக்குப் போனாள்.

கொடியில் இரட்டையர்களின் சீருடைகள் வரிசையாகத் தொங்கின. சின்னவள் ஒரு கிளிப்பைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கலர் போயிடுச்சு."

"எதுல? நீலச் சட்டையிலயா?"

"கூட்டுல. பெரியப்பா எடுத்துக்கிட்டார்."

பெரியவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள், உதறினாள், மறுபடியும் மடித்தாள். "வெயில்ல வச்சிருப்பே."

"இருட்டுல வச்சாலும் போகும்கா. வெந்நீர்ல வச்சுப் பாத்துட்டேன். மத்தியானத்துக்குள்ள போயிடுச்சு."

"மூடி சரியா போட்டிருக்க மாட்டே. நீ என்னைக்கு மூடி சரியா போட்டிருக்கே? சின்ன வயசுலேருந்து பார்க்கிறேன்."

"போட்டிருந்தேன்கா. நான்தான் அவசரப்பட்டேன். ஒரு நாள் பாத்துட்டு நின்னுடுச்சுன்னு நினைச்சேன். அந்தப் பக்கத்துலேருந்து வந்து பாக்கவும் இல்ல. எண் தப்பு."

"என் படம் பொய் சொல்லாது," என்றாள் பெரியவள். குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே டை கட்டிய குழுத் தலைவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான், விவரமான மனுஷன்.

"படம் பொய் சொல்லலக்கா..."

"எனக்குன்னு ஒண்ணு வரும்போதுதான் உனக்கு இதெல்லாம் கண்ணுல படுமா? இத்தனை நாள் எங்க போயிருந்தே?"

அந்த வார்த்தை சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பெரியவள் கொடியிலிருந்த துணிகளை எல்லாம் விடுவிடுவென்று இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா?"

சின்னவள் இதை எதிர்பார்க்கவில்லை. அக்கா திட்டுவாள் என்று நினைத்தாள், அழுவாள் என்று நினைத்தாள். இப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. இருக்க முடியுமா? முடியும். குப்பியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்காக அதைச் செய்யவும் அவள் தயாராகத்தான் இருந்தாள், அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

"முடியும்கா. நீ சொன்னா இருக்கேன்."

பெரியவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உள்ள போய்ச் சாப்பிடு," என்றாள். சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடச் சின்னவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது பெரியவள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் கூட்டின் படம். அதைச் சுட்டியால் இப்படியும் அப்படியும் சுழற்றிக்கொண்டிருந்தாள். வணக்கம் இல்லை, வம்பு இல்லை. சின்னவள் பையை வைத்துவிட்டு, நாற்காலி சத்தம் போடாமல் உட்கார்ந்தாள்.

"இது எப்படி வெளிய வந்துச்சு?" என்றாள் பெரியவள் திரையைப் பார்த்தபடியே.

"என்னக்கா?"

"இங்க வந்து பார். வாசலே இல்ல. மேல மூடியிருக்கு, கீழ மூடியிருக்கு. நைட்ரஜன் நாலும் உள்ள பாத்துக்கிட்டு நிக்குது. காப்பர் வெளிய வரணும்னா இந்தக் கூடு மொத்தமும் உள்பக்கம் வெளிப்பக்கமா திரும்பணும்."

சின்னவள் பின்னால் வந்து நின்று குனிந்து பார்த்தாள். கோபமெல்லாம் எங்கே போனது என்று இருவருக்குமே தெரியவில்லை. இருவர் மூக்கும் திரையைத் தொடாத குறை.

"திரும்பறதுக்கு நேரமாகும்," என்றாள் சின்னவள் மெதுவாக.

"ஆகும். நிறைய ஆகும். அதான் ஒரு நாள் முழுக்கப் பாத்தும் உனக்கு ஒண்ணும் தெரியல." பெரியவள் சுட்டியை விட்டாள். "நீ மட்டும் இல்லடீ. இந்தா, இந்த ஒரு பிணைப்பைப் பார். மத்ததைவிட நீளம். காப்பர் வசதியா உக்காரலன்னு அப்பவே எனக்கு உறுத்துச்சு. உன் எண் வந்ததும் அதை அப்படியே மறந்துட்டேன். உன் எண்ணுக்கு ஏத்த மாதிரி என் படத்தை நான் பாத்தேன், என் படத்தைப் பாத்து நீ உன் எண்ணை நம்பின."

வாழ்க்கையில் முதல்தடவையாக இருவரும் ஒரே கருத்துக்கு வந்திருந்தார்கள், அதுவும் தப்பான கருத்துக்கு. சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவள் முறைத்ததும் அடக்கிக்கொண்டாள்.

"சரி, இந்த மாதிரிக் கூடெல்லாம் கடைசியில உடம்புக்குள்ள போறதுக்குத்தானே? உடம்புச் சூட்டுல வச்சா எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டாள் பெரியவள்.

"தெரியாது. அளக்கணும். அளக்க சரக்கு இல்ல, நேத்தோட தீர்ந்துடுச்சு."

பெரியவள் எழுந்து தன் அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் அவளுடைய படிகங்கள் இருந்தன. எக்ஸ்ரேக்குப் போனது போக மிச்சம். குழுவில் எல்லோர் கைக்கும் கொடுத்துக் காட்ட வேண்டும் என்று, வெளிச்சம் படாமல், குலுங்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் யாரும் தும்மக்கூட அனுமதி கிடையாது. அந்தப் படிகங்களை எடுத்துச் சின்னவள் முன்னால் வைத்து, "கரைச்சுடு," என்றாள்.

"அக்கா, இது..."

"நான் மனசு மாறுறதுக்குள்ள கரைடீ."

சின்னவள் தண்ணீரை விட்டாள். படிகங்கள் ஓரத்திலிருந்து மெல்லக் கரைந்து, அந்த ஊதா நீலம் குப்பி முழுக்கப் பரவியது. பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கரைசலைப் பெரியப்பாவோடு சேர்த்து உடம்புச் சூட்டில் வைத்து, மணிக்கொரு தரம் சின்னவள் அளந்துகொண்டே இருந்தாள். நிறம் குறைந்தது. ஆனால் முதல் நாள் முழுவதும் குறைந்தது நகக்கண் அளவுகூட இல்லை. பிறகும் நத்தை வேகம்தான்.

விஷயத்தை ஆஹாவிடம் சொன்னபோது அவர் ஆஹா என்று சொல்லவில்லை. மின்விசிறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை அந்த எண்ணைச் சொல்லிடுங்க," என்றார். "கட்டுரை இன்னும் வெளிவரலையே. திருத்தம் அப்புறம் பாத்துக்கலாம். குழுல இருக்கிறவங்க அந்த எண்ணைக் கேட்டுட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. அது இல்லன்னா நான் என்ன சொல்லி உங்களுக்காகப் பேசறது?"

கெட்ட மனுஷன் இல்லை அவர். அக்கறையில்தான் சொன்னார். அதனால்தான் அதைத் தட்டுவது கஷ்டமாக இருந்தது.

"யோசிக்கிறேன் சார்," என்றாள் பெரியவள்.

என்ன யோசித்தாள் என்று சின்னவளுக்குச் சொல்லவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. வியாழக்கிழமை முழுவதும் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அந்த மேசையில் அவ்வளவு அமைதியைக் கண்ட எதிர் அறைக்காரர் ஒருவர், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் கடைசி வரிசையில் சின்னவள் உட்கார்ந்தாள். முன்னால் நீள மேசையில் குழு. நடுவில் தலைவர், சட்டைப்பையில் மூன்று பேனா. ஓரத்தில் மருத்துவமனையிலிருந்து வந்திருந்த ஸ்கேன் மருத்துவர்; மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்த வயதான அம்மா அவர். ஆஹா அவர்களுக்குப் பக்கத்தில்.

பெரியவள் அழகாகத் தொடங்கினாள். கூட்டை எப்படிச் செய்தார்கள், படிகம் எப்படி வந்தது, படம் என்ன காட்டுகிறது, எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த பக்கத்துக்கு மாறினாள். திரையில் அந்த எண் வந்து நின்றது, பெரிய எழுத்தில்.

அக்கா அதை எடுக்கவில்லை. குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஆஹாவின் உதடுகள் சத்தமில்லாமல் ஆஹா என்றன. தன் வாயால் தானே தப்பு என்று சொன்ன எண் அது. இருந்தாலும் எழுந்து நின்று சொல்லப் போவதில்லை என்று சின்னவளுக்குத் தெரிந்தது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியவள் தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"இந்த எண்ணைக் கேட்டுத்தான் நீங்க என்னைக் கூப்பிட்டீங்க," என்றாள். "இது தப்பு."

ஆஹா கண்ணை மூடிக்கொண்டார்.

"இதைப் போட்டப்போ சமநிலை வந்துடுச்சுன்னு நாங்க நம்பினோம். வரல. எதிர்ப்பக்கத்துலேருந்தும் பாத்திருக்கணும், பாக்கல. அதுக்கு வேணுங்கிற தூளைப் படிகத்துக்குன்னு வாங்கிக்கிட்டது நான். கண்டுபிடிச்சுச் சொன்னது கடைசி வரிசையில உக்காந்திருக்கிற என் தங்கச்சி. அவ வந்து சொன்ன அன்னைக்குச் சாயங்காலம் நான் அவளை வாயை மூடச் சொன்னேன். அதையும் சொல்லிடறேன், இல்லன்னா எனக்கு மேல பேச வராது."

குழு மொத்தமும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. சின்னவள் தொடைக்கு அடியிலிருந்த கைகளை எடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"அப்ப உங்ககிட்ட மிச்சம் என்ன இருக்கு?" என்று கேட்டார் மூன்று பேனாக்காரர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"விடறதுக்கு நேரமாகும், அதுதான் மிச்சம். ஏன் நேரமாகுதுன்னு படம் சொல்லுது."

ஸ்கேன் மருத்துவர் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "உடம்புச் சூட்டுல எவ்வளவு நேரம்?"

பெரியவள் அறையின் கடைசியைப் பார்த்தாள். "நீ சொல்லு."

சின்னவள் எழுந்தாள். "முதல் நாள் கிட்டத்தட்ட ஒண்ணுமே போகல. இன்னும் அளந்துக்கிட்டு இருக்கோம். முடிவா சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும். இந்தத் தடவை அவசரப்பட மாட்டோம்."

மருத்துவர் தலையசைத்தார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வராந்தாவில் இருவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அதே வேலைக்கு வந்திருந்த இன்னும் இருவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வெகு நேரம் கழித்து ஆஹா வந்தார். அவர் நடையிலேயே தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவை இல்லம்மா," என்றார். "ரெண்டாவதா வந்தவருக்குக் கொடுத்துட்டாங்க. நான் பேசிப் பாத்தேன்." வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், பெரியவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

பெரியவள் கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரில் தீயணைப்புக் கருவிக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். முதலிலிருந்து கடைசிவரை.

"என்னாலதான்கா," என்றாள் சின்னவள்.

"ஆமா, உன்னாலதான். வேற யாரால?" பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒரு வாரத்துக்கு உன்கிட்ட நான் பேச மாட்டேன், சொல்லிட்டேன். நீயா வந்து பேசினாலும் பேச மாட்டேன்."

அப்போது ஸ்கேன் மருத்துவர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே வெளியே வந்தார். தேடியது கண்ணாடியை, அது தலையில் இருந்தது. பெரியவள் சுட்டிக்காட்டினாள்.

"நல்லவேளை," என்றார் அவர். "உங்களைத்தான் தேடினேன். ஸ்கேன் எடுக்க உலோகத்தை ரத்தத்துல விடுறோம். ஒரு நாள்ல அது வெளிய போயிடும். அந்த ஒரு நாள் வழியில எங்கயும் கைவிடாம கொண்டு போற கூடுதான் எங்களுக்கு வேணும். எவ்வளவு கெட்டியா பிடிக்குதுங்கிறது எங்களுக்கு ரெண்டாம்பட்சம். வேலை இருக்கு, சம்பளம் இருக்குன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. கேட்டுப் பாக்கணும். திங்கக்கிழமை நீங்க வந்து பேசுவீங்களா?"

"நாங்க வரோம்," என்றாள் பெரியவள். "ரெண்டு பேரும். படத்தை மட்டும் வச்சுக்கிட்டு நான் ஒரு தடவை ஏமாந்தாச்சு. இவ அளக்காம நான் இனிமே எதையும் சொல்றதா இல்ல."

"வாங்க, ரெண்டு பேரும் வாங்க," என்று சொல்லிவிட்டு மருத்துவர் போனார்.

சின்னவளுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. வராந்தாவில் போகிறவர் வருகிறவர் பார்க்க, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏன்டீ அழற? வேலை போனது எனக்கு," என்றாள் பெரியவள்.

"இனிமே நீ என்னை உன்கூடச் சேத்துக்கவே மாட்டேன்னு நினைச்சேன்."

"சேத்துக்க மாட்டேன்னு யார் சொன்னா? பேச மாட்டேன்னுதான் சொன்னேன்." பெரியவள் அவளுடைய பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மாடிப்படி இறங்கும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.